எழுத்தே இல்லாத காலத்துக்கு ஆண்டுக்கணக்கு எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: எழுத்து, நாணயம், கல்வெட்டு எதுவுமே கிடைக்காத வரலாற்றுக்கு முற்பட்ட இடங்களுக்கு "45,000 ஆண்டு", "15 லட்சம் ஆண்டு" என்றெல்லாம் எதை வைத்துச் சொல்கிறார்கள்? கற்கருவிக்கும் கார்பன் சோதனைதானா? அந்த எண்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுகின்றனவே, அப்படியானால் இதெல்லாம் ஊகம்தானா?

கல்லுக்குக் கார்பன் சோதனை செய்ய முடியாது. ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான் அது செல்லும்: மரம், கரி, விதை, எலும்பு, சிப்பி. பாறையின் வயதைக் கண்டுபிடிக்க வேறு வழிகள் உண்டு. ஆனால் அந்த வயது தெரிந்து என்ன பயன்? கைக்கோடரி செய்யப்பட்ட பாறை உருவாகிப் பல கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். அதை ஒருவர் கையில் எடுத்துத் தட்டிச் செதுக்கியது எப்போது என்பதுதான் நமக்கு வேண்டும். வெறுமனே தட்டிச் செதுக்குவதால் கல்லுக்குள் எந்தக் கடிகாரமும் ஓடத் தொடங்குவதில்லை.

அதனால் அந்தக் கல்லோடு சேர்ந்து மண்ணுக்குள் போன வேறு எதையாவது தேடுகிறார்கள். ஆய்வுக்கூடம் தரும் எண் எப்போதும் ஏதோ ஒரு குறிப்பிட்ட நிகழ்வின் வயது. ஒரு மரம் காற்றிலிருந்து கார்பன் எடுப்பதை நிறுத்தியது, ஒரு மணல் துகள் மேல் கடைசியாக வெயில் பட்டது, எரிமலைக் குழம்பு ஆறி இறுகியது, குகைச் சுவரில் சுண்ணாம்புப் படலம் படிந்தது, இப்படி ஏதாவது ஒன்று. அந்த நிகழ்வுக்கும் மனிதர்கள் அங்கே இருந்ததற்கும் உள்ள தொடர்பை எந்த இயந்திரமும் சொல்லாது. அதை நிறுவ வேண்டியவர் அகழாய்வுக் குழிக்குள் நிற்பவர். இந்தத் துறையின் பெரிய சண்டைகளில் பாதி இந்தத் தொடர்பைப் பற்றியவைதான் என்பது என் கணிப்பு.

ஆகவே எல்லாம் மண்ணடுக்கிலிருந்து தொடங்குகிறது. அடியில் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்ற விதியை 1669-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்தார். கேட்க எளிது. குழிக்குள் இறங்கிப் பார்த்தால் எலி வளை தோண்டியிருக்கும், வேர் துளைத்திருக்கும், கரையான் அடிமண்ணை மேலே கொண்டுவந்திருக்கும், பிற்காலத்தில் யாரோ நட்ட கம்பத்தின் குழி நான்கு அடுக்குகளை வெட்டிக்கொண்டு கீழே போயிருக்கும். அந்தக் கம்பக் குழிக்குள் விழுந்த கரித்துண்டு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்காக அதைப் பழையது என்று எடுத்துவிட்டால் கதை முடிந்தது. குழியின் செங்குத்துச் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மண்ணின் நிறமும் பதமும் மாறும் கோடுகளை வரைபடமாக்குவதில் நாள்கணக்கில் நேரம் போவது இதனால்தான். நான் ரசிக்கும் சோதனை ஒன்று உண்டு: ஒரே கல்லிலிருந்து உடைத்த சில்லுகளைத் தேடி எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது. மேலடுக்கில் கிடைத்த சில்லும் கீழடுக்கில் கிடைத்த சில்லும் கச்சிதமாகப் பொருந்திவிட்டால், அந்த இரண்டு அடுக்குகளும் கலந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு மேல் எந்த விலையுயர்ந்த சோதனை செய்தாலும் பிரயோசனமில்லை.

ஆண்டு எதுவும் தெரியாமலே வரிசைப்படுத்துவதும் சாத்தியம். ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியலாளர் 1890-களின் இறுதியில் எகிப்தின் அரசர் காலத்துக்கு முந்தைய கல்லறைகளை, பானைகளின் வடிவம் படிப்படியாக மாறியதை மட்டும் வைத்து முன்பின்னாக அடுக்கினார். எது முந்தியது என்று தெரிந்தது, எத்தனை ஆண்டு முந்தியது என்று தெரியவில்லை. ஆண்டு தெரிய இயற்பியல் வர வேண்டியிருந்தது.

1949-இல் சிகாகோவில் வில்லார்ட் லிப்பியின் குழு கதிரியக்கக் கார்பன் முறையை நிரூபித்தது. 1960-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் நைட்ரஜனைக் கார்பன்-14 ஆக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. செடி அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது, விலங்கு செடியிலிருந்து எடுக்கிறது. உயிருள்ள உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று இந்த வகை. உயிர் போனதும் வரத்து நின்றுவிடுகிறது. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை இருப்பு பாதியாகிறது. மிச்சத்தை அளந்தால் இறந்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியும்.

50,000 ஆண்டு கழித்து மிஞ்சுவது கால் சதவீதம்கூட இல்லை. கார்பன் முறையின் எல்லை ஏறத்தாழ அதுவே. எல்லையை நெருங்க நெருங்க ஆபத்து கூடும் விதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உண்மையில் 40,000 ஆண்டுப் பழமையான கரியில், வேரிலிருந்தோ நிலத்தடி நீரிலிருந்தோ இன்றைய கார்பன் ஒரு சதவீதம் ஒட்டிக்கொண்டால், விடை கிட்டத்தட்ட 33,000 என்று வரும். ஒரு சதவீத அழுக்கு, 7,000 ஆண்டுப் பிழை. அதனால்தான் அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றிக் கழுவுவது, எலும்பென்றால் அதிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை மட்டும் பிரித்து வடிகட்டுவது என்று அளப்பதற்கு முந்தைய வேலையே பெரிதாக இருக்கிறது. முன்பு ஒரு கைப்பிடிக் கரி வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி இயந்திரங்கள் வந்தபின் ஒரு தானிய மணி போதும். அந்த மணியையே சோதிக்க முடிவதால் "பக்கத்தில் கிடந்த கரி" என்ற தயக்கமும் போய்விட்டது.

இன்னொரு சிக்கல்: காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. எனவே ஆய்வுக்கூடத்தின் எண் அப்படியே காலண்டர் ஆண்டு ஆகாது, அதைத் திருத்த வேண்டும். மர வளையங்களே இதற்குக் கைகொடுக்கின்றன. ஆண்டுக்கு ஒரு வளையம், ஈரமான ஆண்டில் அகலம், வறண்ட ஆண்டில் குறுகல். இந்த வரிசையை ஒரு மரத்திலிருந்து இன்னொரு பழைய மரத்துக்குப் பொருத்திக்கொண்டே போனால், ஐரோப்பிய ஓக், பைன் மரங்களில் மட்டும் 12,000 ஆண்டுக்கு மேல் பின்னால் போக முடிகிறது. ஒவ்வொரு வளையத்தின் ஆண்டும் தெரியும் என்பதால், அதில் எவ்வளவு கார்பன்-14 இருந்தது என்று அளந்து அட்டவணை போடலாம். அதற்கும் முந்தைய காலத்துக்கு ஜப்பானின் சுய்கெட்சு ஏரி அடியில் ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்த மெல்லிய அடுக்குகள், குகைப் படிவுகள், பவளப் பாறைகள் உதவுகின்றன. 2020-இல் வெளியான திருத்த அட்டவணை 55,000 ஆண்டு வரை போகிறது. (அறிக்கைகளில் "இன்றைக்கு முன்" என்று வந்தால் அந்த "இன்று" 1950-ஆம் ஆண்டு. அணுகுண்டுச் சோதனைகள் காற்றைக் கெடுத்துவிட்டதால் அதற்குப் பிறகு கணக்கே வேறு.) சில காலங்களில் இந்தத் திருத்தமும் கைவிட்டுவிடும். அட்டவணையைக் கோடாக வரைந்தால் கி.மு. 800 முதல் 400 வரை அது தட்டையாக இருக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எப்போது இறந்த மரமானாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும்.

எதிர்த்திசையில் ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. சூரிய வெடிப்புகளால் இருக்கலாம், சில ஆண்டுகளில் கார்பன்-14 திடீரென்று எகிறியிருக்கிறது. கி.மு. 5259 அப்படி ஓர் ஆண்டு. வட கிரேக்கத்தில் டிஸ்பிலியோ என்ற ஏரிக்கரைக் குடியிருப்பின் மரத்தூண்களில் அந்த எகிறலைக் கண்டுபிடித்து, 303 ஆண்டு நீளமுள்ள வளைய வரிசை ஒன்றைத் துல்லியமான ஆண்டுகளில் நிறுத்தியதாக 2024-இல் அறிவித்தார்கள். எழுத்தறியாத ஒரு புதிய கற்காலக் குடியிருப்பின் மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்று சொல்ல முடிகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

தொடர்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள ஒயிட் சாண்ட்ஸ் நல்ல உதாரணம். பழைய ஏரிப் படுகையில் மனிதக் காலடித் தடங்கள். அந்த அடுக்குகளில் கிடைத்த விதைகளைச் சோதித்து, தடங்களுக்கு 23,000 முதல் 21,000 ஆண்டு என்று 2021-இல் அறிவித்தார்கள். உடனே எதிர்ப்பு. காரணம், அந்த விதைகள் ருப்பியா என்ற நீர்த்தாவரத்தினுடையவை. நீருக்குள் வளரும் செடி காற்றிலிருந்து அல்ல, தண்ணீரில் கரைந்திருப்பதிலிருந்து கார்பனை எடுக்கிறது. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீரில் கார்பன்-14 அறவே அற்றுப்போன பழைய கார்பன் இருக்கும். நேற்று முளைத்த செடிகூடச் சில ஆயிரம் ஆண்டுப் பழமையானதாகக் காட்டும். எதிர்ப்பு நியாயமானது. அதே குழு திரும்பிப் போய், அதே அடுக்குகளிலிருந்து ஊசியிலை மரங்களின் மகரந்தத்தைப் பிரித்தெடுத்தது. மரம் நிலத்தில் நிற்பது, காற்றைத்தான் சுவாசிக்கும். ஒரு மாதிரிக்குச் சுமார் 75,000 மகரந்தத் துகள்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். கூடவே கார்பனோடு சம்பந்தமே இல்லாத மணல் துகள் முறையிலும் (அது பின்னால் வருகிறது) பார்த்தார்கள். 2023-இல் வெளியான அந்த விடைகள் முதலில் சொன்ன காலத்தோடு ஒத்துப்போயின.

50,000-ஐத் தாண்டினால் கார்பனை மறந்துவிட வேண்டும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு எரிமலைகள் பக்கத்தில் இருந்தால் பாக்கியம். எரிமலைக் கனிமங்களில் இருக்கும் பொட்டாசியம்-40 மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாகச் சிதைகிறது. அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. குழம்பாக இருக்கும்போது ஆர்கான் வெளியேறிவிடும், இறுகியபின் உள்ளேயே சேரும். ஆகவே சேர்ந்த அளவு இறுகிய காலத்தைச் சொல்கிறது. கருவியையோ எலும்பையோ நேரடியாக அளப்பதில்லை. அதற்கு மேலே ஒரு சாம்பல் அடுக்கு, கீழே ஒரு சாம்பல் அடுக்கு, இரண்டுக்கும் நடுவில் அதன் காலம். தான்சானியாவின் லயடோலியில் மனித மூதாதையரின் காலடித் தடங்கள் சாம்பலிலேயே பதிந்திருப்பதால் நேரடியாகவே 36.6 லட்சம் ஆண்டு என்று தெரிந்தது. இந்த முறை நம்பத்தக்கதா என்று 1997-இல் ஒரு சோதனை நடந்தது. கி.பி. 79-இல் வெசூவியஸ் கக்கிய பொருளை ஆர்கான் முறையில் அளந்தபோது 1,925 ஆண்டு என்று வந்தது. உண்மையான விடை 1,918.

அப்படியும் தவறு நேரும். கென்யாவின் துர்கானா ஏரிக்குக் கிழக்கே கூபி ஃபோராவில் கே.பி.எஸ். என்று பெயரிட்ட ஒரு சாம்பல் அடுக்கு இருக்கிறது. அதற்கு 26 லட்சம் ஆண்டு என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 1972-இல் அதற்குக் கீழே பெரிய மூளை கொண்ட ஒரு மண்டையோடு கிடைத்தது, அங்கே ஆய்வுக் குழுவை நடத்திய ரிச்சர்ட் லீக்கி அதற்குச் சுமார் 29 லட்சம் ஆண்டு என்றார். மனிதப் பரிணாமக் கதையையே திருத்தி எழுத வேண்டிய எண் அது. சிக்கலைக் கிளப்பியவை பன்றிகள். ஆப்பிரிக்கப் பன்றிகளின் கடைவாய்ப்பல் லட்சக்கணக்கான ஆண்டுகளில் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. பேசில் குக் என்ற நிபுணர் பார்த்தபோது, கே.பி.எஸ். அடுக்குக்குக் கீழே கிடைத்த பன்றிப் பற்கள் எத்தியோப்பியாவின் ஓமோ பகுதியில் சுமார் 20 லட்சம் ஆண்டுக்கு முந்தைய அடுக்குகளில் கிடைத்தவற்றோடு ஒத்திருந்தன. பன்றி சரியா, இயற்பியல் சரியா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை. 1975-இல் இன்னோர் ஆய்வுக்கூடம் அதே சாம்பலை அளந்து 16 முதல் 18 லட்சம் என்றது. கடைசியில் 1980-களின் தொடக்கத்தில் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களின் விடைகள் சுமார் 18.8 லட்சத்தில் வந்து நின்றன. பன்றிகள் ஜெயித்தன. முதலில் அளந்த மாதிரியில் அதைவிடப் பழைய எரிமலைக் கனிமத் துகள்கள் கலந்திருந்ததுதான் கோளாறு. இப்போது ஆர்கான் முறையில் ஒற்றைப் படிகத்தைத் தனியாக எடுத்து லேசரால் சூடாக்கி அளக்கிறார்கள், கலப்படம் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

எரிமலையும் இல்லை, கரியும் இல்லை, வெறும் மணலும் களிமண்ணும்தான் என்றால்? உலகின் பெரும்பாலான இடங்கள் அப்படித்தான். அங்கே ஒளியுமிழ்வு முறை. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சு, மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகளுக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிச் சிறைப்படுத்திக்கொண்டே இருக்கிறது. வெயில் பட்டால் அத்தனையும் விடுதலை, கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். புதைந்ததும் மறுபடி சேரத் தொடங்கும். மாதிரி எடுப்பதைப் பார்த்தால் இந்த முறை புரிந்துவிடும். சுவரின் வெளிமண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, ஒரு எஃகுக் குழாயைச் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்குவார்கள். வெளியே எடுத்ததும் இரு முனைகளையும் அடைத்து, கறுப்புப் பையில் சுற்றிவிட வேண்டும். குழாயின் முனையில் இருக்கும் மண் வெளிச்சம் பட்டது, அது வேண்டாம், நடுவிலுள்ளதுதான் மாதிரி. ஆய்வுக்கூடத்தில் மங்கிய சிவப்பு விளக்கு மட்டும். அங்கே துகள்களின்மேல் நீல ஒளியைப் பாய்ச்சி, திரும்ப வரும் மினுக்கத்தை அளந்து, மொத்தம் சேர்ந்த கதிர்வீச்சை ஓர் ஆண்டுக்குச் சேரும் கதிர்வீச்சால் வகுத்தால் வயது. அந்த வகுக்கும் எண்ணில்தான் தகராறு. மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் கதிர்வீச்சைக் கொஞ்சம் தின்றுவிடும். ஒரு லட்சம் ஆண்டாக அந்த மண் சராசரியாக எவ்வளவு ஈரமாக இருந்தது என்று யாராலும் நேரில் பார்க்க முடியாது, மதிப்பிடத்தான் வேண்டும். இந்த முறையில் பிழை வரம்பு பெரிதாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

குவார்ட்ஸ் சில லட்சம் ஆண்டுக்குள் நிரம்பிவிடும், ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம் இன்னும் தாங்கும். தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கத்தில் இடைப் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த அடுக்கின் தொடக்கத்துக்கு 3.85 லட்சம் ஆண்டு, கூடக்குறைய 64,000, என்று 2018-இல் வெளியிட்டது ஃபெல்ட்ஸ்பாரை வைத்துத்தான். அதே இடத்தில் ஆழத்திலுள்ள கைக்கோடரி அடுக்குகளுக்கு அதுவும் போதாது. அங்கே கருவிகளையே அளந்தார்கள். தரையில் கிடக்கும் குவார்ட்சைட் கல்லில் காஸ்மிக் கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தால் உற்பத்தி நிற்கிறது. அலுமினியம் சீக்கிரமாகவும் பெரிலியம் தாமதமாகவும் சிதைவதால் இரண்டின் விகிதம் மாறிக்கொண்டே போகும். விடை 15.1 லட்சம் ஆண்டு, கூடக்குறைய 70,000. பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாகும்; அந்த மண்ணில் பதிந்திருந்த திசையும் இன்றைக்கு நேர்மாறாக இருந்தது. அதை வைத்துத் தனியாகப் பார்த்தபோது 10.7 லட்சம் ஆண்டுக்கு முந்தியது என்று தெரிந்தது. 2011-இல் வெளியான இந்த விடையிலும் கவனிக்க வேண்டியது, அளந்தது புதைந்த காலத்தை, செதுக்கிய காலத்தை அல்ல.

குகை ஓவியங்களுக்கு வேறு வழி. கரியால் வரைந்திருந்தால் கார்பன் உண்டு. செங்காவி மண்ணால் வரைந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் சுவரில் கசியும் தண்ணீர் ஓவியத்தின்மேல் சுண்ணாம்புப் படலத்தை விட்டுப்போகும். யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் கரையாது. எனவே புதுப் படலத்தில் தோரியம் இருக்காது, யுரேனியம் சிதைந்துதான் சேர வேண்டும். இந்தோனேசியாவின் சுலாவேசி தீவில் ஓர் ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024-இல் சொன்னது இந்த முறையில். "குறைந்தது" என்ற சொல்லைச் செய்திகள் விட்டுவிடுகின்றன. படலத்தின் வயதுதான் அது, அடியிலுள்ள ஓவியம் எவ்வளவு முந்தியதாகவும் இருக்கலாம். ஸ்பெயினின் சில குகைகளில் 64,000 ஆண்டுக்கு முன் நியாண்டர்தால்கள் வரைந்ததாக 2018-இல் வந்த முடிவை ஏற்காதவர்கள் கேட்பது: பின்னால் வந்த தண்ணீர் யுரேனியத்தில் கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தால்? அப்போது படலம் உள்ளதைவிடப் பழையதாகத் தெரியும்.

"கூடக்குறைய" என்று போடும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10,000, கூடக்குறைய 100 என்றால் 9,900-க்கும் 10,100-க்கும் நடுவில் கட்டாயம் இருக்கும் என்று பொருளில்லை. வழக்கமாக அது மூன்றில் இரண்டு பங்கு நிகழ்தகவைத்தான் குறிக்கும். வரம்பை இரட்டித்தால்தான் 95 சதவீதம் வரும். இந்த எண்ணை வெட்டிவிட்டுத் தலைப்புப் போடும் பத்திரிகைகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

எண்கள் ஏன் மாறுகின்றன என்ற கேள்விக்கு மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் போதும். 1961-இல் சுரங்கத் தொழிலாளிகள் அங்கே ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார்கள். எந்த அடுக்கு என்ற குறிப்பு சரியாக இல்லை. சுமார் 40,000 ஆண்டு என்று முதலில் நினைத்தார்கள். 2007-இல் ஒரு பல்லில் சிறைப்பட்ட எலக்ட்ரான்களை அளந்து 1.6 லட்சம் என்றார்கள். அதற்கிடையே புதிய குழு இடத்தை மறுபடி தோண்டி, தொடப்படாத அடுக்குகளைத் தேடிப் பிடித்திருந்தது. அவற்றில் மனித எலும்புகளோடு தீயில் சுட்ட சிக்கிமுக்கிக் கருவிகளும் கிடந்தன. நன்றாகச் சூடேறினாலும் கல்லுக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் வெளியேறிவிடும், எனவே அந்த நெருப்பு எரிந்த காலத்தை அளக்கலாம். விடை 3.15 லட்சம், கூடக்குறைய 34,000, என்று 2017-இல் வெளியானது. பழைய பல்லின் கணக்கையும், அந்த மண்ணின் கதிர்வீச்சைப் புதிதாக அளந்து போட்டுப் பார்த்தார்கள். அதுவும் 2.86 லட்சத்துக்கு ஏறியது. பல்லை வைத்துப் போட்ட பழைய கணக்கில் மாற வேண்டியிருந்தது, அதைச் சுற்றியிருந்த மண்ணைப் பற்றி வைத்திருந்த எண்தான்.